சாமையா, கேழ்வரகா, கைக்குத்தலா? குடலை மனதில் வைத்து ஒரு மளிகைக் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தானியக் கடைகளில் இப்போதெல்லாம் ஆட்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறார்கள். "அண்ணா, வயித்துக்கு எதுங்க நல்லது? சாமையா, கேழ்வரகா?" கடைக்காரர் எது மூட்டையாக நிற்கிறதோ அதைக் காட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பிழைப்பு அது. கேட்கிற ஆளுக்குத்தான் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் வயிறு என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். நோய் ஏதும் இல்லாமல், மலச்சிக்கல், மந்தம் என்று புலம்புபவர் ஒருவர். ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடலோடு காற்றும் வலியுமாகக் காலம் தள்ளுபவர் இன்னொருவர். பெருங்குடல் புண், க்ரோன் நோய் என்று மருத்துவர் பெயர் வைத்த உண்மையான குடல் அழற்சியோடு இருப்பவர் மூன்றாமவர். மூவருக்கும் ஒரே மூட்டையைக் காட்டினால் ஒருவருக்காவது தப்பாகப் போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல் நலமாக இருப்பவர் வீட்டுக்குக் கேழ்வரகுதான் முதல் தேர்வு. அதிகம் தீட்டாத புழுங்கல் அரிசி இரண்டாவது. சாமை, தினை, குதிரைவாலி எல்லாம் தவிட்டோடு கிடைத்தால் மட்டுமே மூன்றாவது; பாலிஷ் போட்டதென்றால் பட்டியலிலேயே வேண்டாம். ஏற்கெனவே குடல் அழற்சி நோய் உள்ளவருக்கு இந்த வரிசை பொருந்தாது, அவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு தானியத்தில் உமியைக் கழித்துவிட்டால் மூன்று பங்கு உண்டு: வெளியே தவிடு, ஒரு ஓரத்தில் முளை, நடுவில் மாவு. மூன்றும் இருந்தால் முழுத்தானியம். நாம் தின்று பழகியது மாவுப் பங்கை மட்டும். தவிட்டில் இருக்கும் நார்ச்சத்தை நம்முடைய சிறுகுடலால் செரிக்க முடியாது, அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அதைப் புளிக்க வைத்து அவை அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டைக் கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன.

இந்த மூன்றில் பியூட்டிரேட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெருங்குடலின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதத்தை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ரத்தத்திலிருந்து வரும் சர்க்கரையைவிட, பாக்டீரியா சமைத்துப் போடுவதைத்தான் அவை அதிகம் நம்பியிருக்கின்றன. பியூட்டிரேட்டை எரிக்கும்போது அவை ஆக்சிஜனைச் செலவழிப்பதால் குடலின் உட்பக்கம் கிட்டத்தட்ட ஆக்சிஜன் இல்லாத இடமாகவே இருக்கிறது. ஆக்சிஜன் கிடைத்தால் பெருகக்கூடிய ஈ.கோலை போன்றவற்றுக்கு அங்கே வளர வசதி குறைவு. அதோடு, நோய் எதிர்ப்புப் படையில் 'போதும், அடங்கு' என்று சொல்லும் செல்கள் உண்டு. அவை வளரவும் பியூட்டிரேட் உதவுகிறது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள இணைப்பையும் இது இறுக்கமாக வைக்கிறது.

நார் வராமல் போனால் என்ன ஆகும்? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளுக்கு நாரே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் குடல் சுவரின் மேல் பூசியிருக்கும் சளிப்படலத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. அடுப்புக்கு விறகில்லாமல் கூரைக் கழியை உருவி எரிப்பது மாதிரி. படலம் மெலிந்ததும் வெளியிலிருந்து வந்த கிருமி சுவரைச் சுலபமாகத் தொட்டுவிட்டது. எலிக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, நடுவில் மைதா பிஸ்கெட் என்று ஓட்டுபவர் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சரி, முழுத்தானியம் தின்றால் மனிதனுக்கு அழற்சி குறைகிறதா? குறைகிறது, ஆனால் விளம்பரங்கள் சொல்லுகிற அளவுக்கு இல்லை. டென்மார்க்கில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் 60 பேருக்கு எட்டு வாரம் முழுத்தானிய உணவும், எட்டு வாரம் தீட்டிய தானிய உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். முழுத்தானியம் தின்ற காலத்தில் எடை குறைந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இன்டர்லூகின்-6 இரண்டும் இறங்கின. வேடிக்கை என்னவென்றால், குடல் பாக்டீரியாக்களின் கூட்டம் பெரிதாக மாறவே இல்லை. அமெரிக்காவில் 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 81 பேரை எடை மாறாதபடி பார்த்துக்கொண்டு ஆறு வாரம் சோதித்தார்கள். மலம் நன்றாகப் போனது, குட்டைக் கொழுப்பு அமிலம் கூடியது, அழற்சியில் மட்டும் சின்ன மாற்றம்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இதுதான்: முழுத்தானியத்தின் பலனில் ஒரு பங்கு அது நம்மைக் குறைவாகச் சாப்பிட வைப்பதால் வருகிறது. கேழ்வரகுக் களி மேல் நாலு கரண்டி நெய்யை ஊற்றி, பிறகு சோறும் போட்டுக்கொண்டால் அந்தப் பங்கு போய்விடும்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 28 பேருக்கு நான்கு வாரம், நாளுக்கு 60 கிராம் வீதம் முழு பார்லி, தீட்டாத அரிசி, இரண்டும் கலந்தது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில் கலந்து கொடுத்தபோதுதான் இன்டர்லூகின்-6 நன்றாக இறங்கியது. ஒரே தானியத்தைப் பிடித்துத் தொங்குவதைவிடக் கலந்து சாப்பிடுவது மேல் என்று நினைக்க இது ஒரு காரணம்.

கவனித்திருப்பீர்கள், இவையெல்லாம் கோதுமை, ரை, பார்லி, அரிசி. கேழ்வரகையும் சாமையையும் வைத்து இந்த அளவுக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் குறைவு. ஆகவே நம்மூர்த் தானியங்களை நார் அளவையும் தவிடு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராமில் உள்ள நார்: தீட்டிய பச்சரிசி 2.8 கிராம், தீட்டிய புழுங்கல் அரிசி 3.7, தீட்டாத அரிசி 4.4, சாமை 7.7, சோளம் 10.2, கேழ்வரகு 11.2, கோதுமை மாவு 11.4, கம்பு 11.5, மைதா 2.8. இந்த எண்களை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒருவர் நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தீட்டிய பச்சரிசியை விட்டுவிட்டு மூன்று வேளையும் கைக்குத்தலுக்கு மாறினால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 5 கிராம் நார். அரிசி வகையை மாற்றாமல், ஒரே ஒரு வேளை 100 கிராம் அரிசிக்குப் பதிலாக 100 கிராம் கேழ்வரகு மாவு சாப்பிட்டால் கிடைப்பது 8 கிராமுக்கு மேல். வீட்டில் எல்லாரும் முகம் சுளிக்க மூன்று வேளையும் சிவப்புச் சோறு பொங்குவதைவிட, காலையில் ஒரு வேளை கேழ்வரகு போதும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார். கேழ்வரகும் ஒரு கிண்ணம் பயறும் ஒரு கீரையும் ஒரு கொய்யாவும் சேர்ந்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம்.

கேழ்வரகை முதலில் வைத்ததற்கு நார் அளவு மட்டும் காரணம் இல்லை. கேழ்வரகின் தோல் உள்ளே இருக்கும் மாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உள்மாவோ பொசுபொசுவென்று இருக்கும். அரிசியைத் தீட்டுவது போல அதைத் தீட்டப் போனால் மணியே நொறுங்கிவிடும். அதனால் முழுசாக அரைப்பதைத் தவிர மில்காரருக்கு வழியில்லை. ஏழை வீட்டுத் தானியம் தவிட்டோடு பிழைத்துக்கொண்டது இப்படித்தான். சேதம் நடப்பது வீட்டில். மாவைக் கண் சிறிய சல்லடையில் சலித்தால் மேலே செம்பழுப்பாக ஒரு பொருள் தங்கும். அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு வெளுத்த மாவில் களி கிண்டுகிற வீடுகள் உண்டு. நாம் காசு கொடுத்து வாங்கியதே அந்தச் செம்பழுப்புப் பொருளைத்தான். நார் மட்டும் இல்லாமல், குடல் பாக்டீரியா பிரித்தெடுத்தால் அழற்சியைத் தணிக்க உதவக்கூடிய ஃபெரூலிக் அமிலம் போன்றவையும் அதில்தான் இருக்கின்றன. கைக்குழந்தைக்குக் கேழ்வரகுப் பால் எடுக்கும்போது துணியில் வடிகட்டுவது சரி. பெரியவர்களுக்கு எதற்கு வடிகட்ட வேண்டும்?

கேழ்வரகு பற்றி இரண்டு எச்சரிக்கை. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். சர்க்கரைக்காரருக்குக் களியோ ரொட்டியோதான் மேல், அதிலும் கூடவே பயறும் கீரையும் வேண்டும். இன்னொன்று, கேழ்வரகு சேமியா, கேழ்வரகு பிஸ்கெட் என்று பாக்கெட்டில் வருபவை. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பல பாக்கெட்டுகளில் கோதுமை மாவோ மைதாவோ முதலில் நிற்கும்.

"களி கிண்ட யாருக்குங்க நேரம் இருக்கு? கையும் வலிக்குது" என்று என் அண்ணி கேட்டார். நியாயம்தான். ஓமலூர், மேட்டூர்ப் பக்கத்து வீடுகளில் நொய்யைக் குழைய வேகவிட்டு, மாவைக் கொட்டி மூடி, துடுப்பால் கட்டி இல்லாமல் கிண்டுவது ஒரு வித்தை. "அண்ணி, அடை தட்டுங்க, முருங்கைக்கீரை வெங்காயம் போட்டு. அதுவும் கேழ்வரகுதான்" என்றேன். தோசை மாவில் மூன்றில் ஒரு பங்கு கேழ்வரகு மாவைக் கலந்தாலும் சரி. களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் சேர்ந்தால் கிடைக்கிற ருசி அடையில் வராது, அது வேறு விஷயம். குடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சாமைக் கதை நேர்மாறு. சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் மேலே தின்ன முடியாத கெட்டி உமி உண்டு. அதை எடுத்தே ஆக வேண்டும். சேர்வராயன் மலையில் காலங்காலமாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வந்தவர்கள் மலையாளி மக்கள் (கேரளத்தார் இல்லை, இந்த மலைகளின் பழங்குடியினர்). உரலில் குத்திப் புடைத்தால் உமி பறந்துவிடும், தவிடு பெரும்பாலும் மணியிலேயே தங்கும். இயந்திரத்தில் உமி நீக்கும்போது, பார்வைக்கு வெள்ளையாக இருக்க வேண்டும், பூச்சி பிடிக்காமல் மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டும் என்று இன்னும் இரண்டு சுற்று விட்டால் தவிடும் போய்விடும். மிஞ்சுவது அரிசி போன்ற இன்னொரு மாவுப் பொருள். பொன்னியைவிடக் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவதில் என்ன லாபம்?

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். தவிடு உள்ள சாமை மங்கலாக, பழுப்புக் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு மணி கொஞ்சம் அடர்த்தியாக, இன்னொரு மணி வெளிறி என்று ஒன்றுக்கொன்று நிறம் மாறும். கையில் லேசாக எண்ணெய்ப் பசையோடு தூள் ஒட்டும். தீட்டியது ஒரே சீரான வெள்ளை, வழுவழுப்பு, கையை உதறினால் எதுவும் ஒட்டாது. அடுப்பில் வைத்தாலும் வித்தியாசம் தெரியும். தீட்டியது ஊறாமலே குழைந்துவிடும். தவிடு உள்ளதை சில மணி நேரமாவது ஊற வைக்காமல் போட்டால் நறுக்கென்று நிற்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் வெகு நாள் வைத்தால் காறல் வாடை வரும். ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்க வேண்டாம். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மலைச் சாமை என்றால் எல்லாமே கைக்குத்தல் என்று நம்பி வாங்கி வருகிறார்கள். மலைக்கும் மில் போயாகிவிட்டது. அங்கேயும் இதே உள்ளங்கைச் சோதனைதான்.

வரகு வாங்கும்போது இன்னொரு கவனம்: மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு நஞ்சாகக்கூடும். நிறம் மாறியோ வாடையோடோ இருந்தால் தொட வேண்டாம்.

கம்பும் சோளமும் நார் அளவில் கேழ்வரகுக்குச் சளைத்தவை இல்லை. கம்பு மாவு சில நாளிலேயே கசந்துவிடும், அதனால் தானியமாக வாங்கி அவ்வப்போது அரைத்துக்கொள்வது நல்லது. தைராய்டுப் பிரச்சினை உள்ளவர்கள் கம்பைத் தினமும் முக்கிய உணவாக வைத்துக்கொள்ள வேண்டாம், அதில் உள்ள சில பொருள்கள் அயோடினோடு முரண்படும். சோளச்சோறு சாப்பிட்டு வளர்ந்த ஒரு தலைமுறை சேலம் மாவட்டத்து மானாவாரி ஊர்களில் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் கேட்டால், 'சோளம் தின்ன நாளில் வயித்துக்கு மாத்திரை தின்னதில்லை' என்பார்கள். அந்தக் காலத்தில் காட்டு வேலையும் சேர்ந்து இருந்தது என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோதுமை தனி வழக்கு. முழுக்கோதுமை மாவில் நார் தாராளம், ஆய்வுகளும் கோதுமையின் பக்கம் அதிகம். ஆனால் கோதுமையில் ஃப்ரக்டான் என்ற வகை நார் உண்டு. எரிச்சல் குடல் உள்ளவர்களில் பலருக்கு அது வேகமாகப் புளித்துக் காற்றை அடைக்கும். சப்பாத்தி சாப்பிட்ட இரவில் வயிறு உப்புசம், சோறு சாப்பிட்ட இரவில் ஒன்றும் இல்லை என்று சொல்பவர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை. அவர்களுக்குக் கேழ்வரகும் புழுங்கல் அரிசியும் தோது. குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோய் என்று உறுதியானவர்களுக்குக் கோதுமையும் பார்லியும் அறவே ஆகாது. அரிசியிலும் சிறுதானியங்களிலும் குளூட்டன் இல்லை, ஆனால் கோதுமை அரைத்த அதே மில்லில் அரைத்த மாவு அவர்களுக்கு உதவாது. பரோட்டாவைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

ஓட்ஸ் வெளியூர்க்காரர் என்றாலும் அவருக்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். ஸ்வீடனில் நோய் அடங்கியிருந்த 22 பெருங்குடல் புண் நோயாளிகளுக்கு நாளுக்கு 60 கிராம் ஓட்ஸ் தவிடு கொடுத்துப் பார்த்தார்கள், 2003-இல் வெளியானது. மலத்தில் பியூட்டிரேட் அளவு கூடியது, நோயும் திரும்பிக் கிளம்பவில்லை. அந்த ஆய்வில் கொடுத்தது ஓட்ஸ் தவிடு. நிமிடத்தில் வேகும் மசாலா ஓட்ஸ் பாக்கெட் அதற்கு ஈடாகாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி: கூழ். தானியம் எது என்று கேட்கிற நாம் அதைப் புளிக்க வைத்தோமா என்று கேட்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, பத்து வாரம் ஒரு கூட்டத்துக்கு நார் மிகுந்த உணவும் இன்னொன்றுக்குப் புளித்த உணவும் கொடுத்தார்கள். 2021-இல் வந்த முடிவு பலரை யோசிக்க வைத்தது. புளித்த உணவுக் கூட்டத்தில் குடல் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் இறங்கின. நார்க் கூட்டத்தில் அப்படி ஒரே சீரான இறக்கம் இல்லை. தொடக்கத்திலேயே பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்த சிலருக்கு அழற்சிக் குறிகள் ஏறவும் செய்தன. நாரைத் தின்ன ஆள் இல்லாத குடலில் நாரைக் கொட்டிப் பயனில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இரண்டும் சேர்ந்து வேண்டும்.

கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காய்ச்சி, ஓர் இரவு வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கிறோம். இங்கே கவனிக்க வேண்டியது கடைசிப் படி. இட்லி மாவு எவ்வளவு புளித்தாலும் ஆவியில் வேகும்போது அதிலுள்ள உயிர்கள் செத்துவிடும். கூழில் காய்ச்சிய பிறகும் ஒரு புளிப்பு நடக்கிறது, மேலே மோரும் சேர்கிறது, உயிரோடு உள்ளே போகிறது. ஆறிய மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி நார் மாதிரியே பெருங்குடல் வரை போகும். முதல் நாள் களியை மோரில் கரைத்துக் குடிப்பதும், பழைய சோறும் இதே கணக்கில் சேரும். பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி எடுத்துச் செய்திருக்கிறது. புளிக்க வைப்பதில் இன்னொரு லாபம், இரும்புச்சத்தைப் பிடித்து வைக்கும், தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் குறையும். முழுத்தானியம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ரத்தசோகை உள்ள பெண்கள் பயப்படுகிறார்கள் அல்லவா, அந்தப் பயத்துக்கு ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்க வைப்பதும்தான் பதில். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருப்பதும் உதவும்.

தெருவோரக் கூழ் வண்டியில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் குடியுங்கள். குடலுக்காகக் கூழ் குடித்து வயிற்றுப்போக்கோடு வருவதில் அர்த்தமில்லை.

இப்போது மூன்றாவது ஆள், குடல் அழற்சி நோய் உள்ளவர். இவருக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் அறிவுரைகள் ஆபத்தானவை, ஏனென்றால் மேலே சொன்னவை எல்லாம் இவருக்கு நோய் அடங்கியிருக்கும்போது ஒரு மாதிரி, கிளம்பியிருக்கும்போது வேறு மாதிரி. புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகும் நாட்களில் தவிடும் தோலும் விதையும் வலியைக் கூட்டும். அந்த நாட்களில் நன்றாகக் குழைந்த சோறு, தெளிந்த ரசம், ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்து ஜவ்வரிசியில் நார் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை, மரவள்ளி மாவுச்சத்து மட்டும்தான். மற்ற நாட்களில் அது குறை, இந்த நாட்களில் அதுவே தகுதி. க்ரோன் நோயால் குடலில் சுருக்கம் விழுந்தவருக்குத் தவிட்டு உணவு அடைப்பையே உண்டாக்கலாம், அவர் மருத்துவரைக் கேட்காமல் களி, கம்பு பக்கம் போகக் கூடாது.

நோய் அடங்கியிருக்கும்போது நாரையே ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற பழைய பயம் இப்போது தளர்ந்திருக்கிறது. ஸ்பெயினில் 1999-இல் வெளியான ஆய்வில் நோய் அடங்கிய 105 பெருங்குடல் புண் நோயாளிகளை ஒரு வருடம் கவனித்தார்கள். இசப்கோல் வகை விதை எடுத்தவர்களுக்கும் வழக்கமான மெசலமைன் மாத்திரை எடுத்தவர்களுக்கும் நோய் திரும்பியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு இசப்கோல் குடியுங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சிறிய ஆய்வு, மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. ஆனால் மென்மையான, கரையும் வகை நார் எதிரி இல்லை என்று காட்டுகிறது. எல்லா நாரும் அப்படியா என்றால் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்டதைப் பாருங்கள். அழற்சி நோயாளிகள் சிலரின் குடலில் ஃப்ரக்டான் வகை நாரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் குறைந்து போயிருக்கின்றன. புளிக்காத அந்த நாரே அழற்சியைத் தூண்டுகிறது. ஆகவே 'ப்ரீபயாடிக்' (பாக்டீரியாவுக்குத் தீனி) என்று, ஃப்ரக்டான் வகையைச் சேர்ந்த இன்யூலின் பொடியைக் கடையில் வாங்கி இவர்கள் தானாகக் கலக்கிக் குடிக்க வேண்டாம்.

அமெரிக்கச் செவிலியர்கள் 1,70,000-க்கும் மேற்பட்டவர்களை 26 வருடம் பின்தொடர்ந்த ஆய்வையும் சொல்லியாக வேண்டும். நார் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் க்ரோன் நோய் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அந்தப் பலன் பழங்களின் நாரோடுதான் சேர்ந்து வந்தது, தானிய நாரோடு வரவில்லை. தானியத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான் இதை மறைத்தால் நேர்மை இல்லை. வீட்டில் யாருக்காவது க்ரோன் நோய் இருந்து, மற்றவர்களுக்கும் வருமோ என்று பயப்படுபவர்கள் சாமை மூட்டையைவிடக் கொய்யாவையும் வாழைப்பழத்தையும் முதலில் வாங்க வேண்டும்.

ரத்தம் கலந்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தானியம் மாற்றிப் பார்த்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. குடலில் அழற்சியா, வெறும் எரிச்சல் குடலா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு அது உதவும்.

நாலு பேர் உள்ள, நோய் ஏதும் இல்லாத வீட்டுக்கு என் மளிகைக் கணக்கு இது. கேழ்வரகு மாதம் 6 கிலோ: வாரத்தில் ஐந்து நாள், ஆளுக்கு ஒரு வேளை 75 கிராம் வரும். தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுக்கலாம், நல்ல பொன்னியைவிட விலை குறைவாகத்தான் இருக்கும். மதியச் சோறு புழுங்கல் அரிசியாகவே இருக்கட்டும், அதிகம் தீட்டாதது கிடைத்தால் அது. ரேஷனில் கிடைக்கும் புழுங்கல் அரிசியே தீட்டிய பச்சரிசியைவிட மேல். கம்பு ஒரு கிலோ, ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்கு. பச்சைப்பயறு, கொள்ளு, அவரைக்கொட்டை மாற்றி மாற்றி இரண்டு கிலோ. முழுப் பச்சைப்பயறில் நார் 100 கிராமுக்கு 17 கிராம், மேலே அட்டவணையில் சொன்ன எந்தத் தானியமும் அதன் கிட்டே வராது. சாமை உள்ளங்கைச் சோதனையில் தேறினால் ஒரு கிலோ, பொங்கலுக்கும் உப்புமாவுக்கும்.

எரிச்சல் குடல்காரர் இருக்கிற வீட்டில் கோதுமையை மட்டும் குறைத்துவிட்டு இதே பட்டியலைப் பாதி அளவில் தொடங்கலாம். அவருக்குப் பயறையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பெருங்குடல் புண் அடங்கியிருப்பவருக்கு மருத்துவர் சரி என்றால் முதலில் பழைய சோறும் மோரும், பிறகு மெல்லிய கேழ்வரகுக் கூழ், கடைசியில்தான் களி.

யாராக இருந்தாலும் முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று வேளை போதும். திடீரென்று ஏற்றினால் காற்றும் உப்புசமும் வந்து, 'நமக்கு ஒத்துக்கல' என்று மூட்டை பரண் மேல் ஏறிவிடும். தண்ணீரையும் கூட்ட வேண்டும். நாரைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலம் இன்னும் இறுகும். அப்புறம், மில்லில் மாவை வாங்கும்போது 'சலிச்சுக் குடுக்கவாங்க?' என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.